மண் கழிவு

பீட் கிழங்கு லாரியை
இரண்டு முறை நிறுப்பது என் வேலை.
நிறைந்து வரும்போது ஒருமுறை,
கொட்டிவிட்டுப் போகும்போது ஒருமுறை.
ஓட்டுநர் இறங்கக்கூடாது. இரண்டு முறையும் உள்ளே இருந்தால்
அவன் எடை தானாகக் கழிந்துவிடும்.
மிச்சம் கிழங்கு என்பார்கள்.
இல்லை, ஒட்டிவந்த மண்ணும் அதில் உண்டு.
ஒரு மூட்டை எடுத்துக் கழுவி
நூற்றுக்கு எத்தனை மண் என்று பார்த்து
அதையும் கழிக்கவேண்டும்.
இருபத்தாறு அக்டோபர்களாகச் செய்கிறேன்.
வடக்கு டகோட்டாவின் இந்த மூலையில்
என் தராசை யாரும் சந்தேகித்ததில்லை.

அதனால்தானோ என்னவோ
அரசு வழக்கறிஞர் ஒப்டால் அம்மாள்
என் சமையலறை மேசையில் கோப்பை விரித்து
"டுவெய்ன் பேசத் தயார்" என்றபோது
என் வாயில் முதலில் வந்தது:
எவ்வளவு?

பதினோரு ஆண்டு.
அதற்கு அவன் தருவது:
துப்பாக்கி கிடக்கும் குளம், சுட்டவன் பெயர்,
என் தம்பி ஆர்ன் கிடக்கும் இடம்.
தராவிட்டால் நம் கையில் இருப்பது
கறைபட்ட ஒரு இருக்கை உறை,
ஒரு பெட்ரோல் ரசீது,
அப்புறம், விடுதலையாகி
ஒரே காரில் வீடு திரும்பும் இரண்டு பேர்.

"உங்கள் சம்மதம் தேவை என்று சட்டமில்லை.
உங்களிடம் கேட்கவேண்டும், அவ்வளவுதான்."
காபி ஆறிக்கொண்டிருந்தது.
நவம்பர். நிலம் உறைய இன்னும் பத்து நாள்.
உறைந்துவிட்டால் ஏப்ரல் கடைசி வரை
கடப்பாறையும் இறங்காது.
அதை அவள் சொல்லவில்லை.

சரி என்றேன்.
நீதி கிடைக்கட்டும் என்று சொன்னதாகப்
பத்திரிகையில் வந்தது.
நான் கேட்டது மண்வெட்டியை.

வழக்கு ஒன்பது நாள்.
இரவல் டையோடு வந்து உட்கார்ந்தான் டுவெய்ன்.
நான் வண்டி மட்டும் ஓட்டினேன்.
நான் விளக்கு மட்டும் பிடித்தேன்.
நான் கால் பக்கம் மட்டும் தூக்கினேன்.
எண்ணினேன். பதினான்கு 'மட்டும்'.
எந்தத் தண்ணீரில் கழுவினால்
அந்தச் சொல் தனியே உதிரும்?

எதிர்த்தரப்பு வழக்கறிஞர், இளைஞன், நல்ல குரல்,
ஒரே ஒரு கேள்விதான் உருப்படியாகக் கேட்டான்:
"அன்று காலை ரஸ்ஸல் உங்களுக்கு முன் கதவைத் தட்டியிருந்தால்
இன்று இந்த நாற்காலியில் யார்?"
ஆட்சேபம் வந்தது. பதில் வரவில்லை.
பந்திக்கு முந்தியவன்
தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

ரஸ்ஸலுக்கு ஆயுள்.
ஆர்ன் கிடைத்தான்,
பாழடைந்த கோழிக்கொட்டகைக்குப் பின்னால்
காற்றுத் தடுப்பு மரங்களின் வரிசையில்,
ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு.
அம்மா பக்கத்தில் வைத்தோம்.
அந்த இடத்துக்குப் போகும்போதெல்லாம்
டுவெய்னுக்கு நன்றி சொல்லவேண்டியிருக்கிறது.
சொல்லாமல் திரும்புகிறேன்.
பல் இடுக்கில் நார்போல் அது
வீடு வரை வருகிறது.

நன்னடத்தைக்காக இரண்டு ஆண்டு குறைத்தார்கள்.
போன அக்டோபரில், விடியலுக்கு முந்தைய ஷிப்டில்,
லிண்ட்கிரென் பண்ணை லாரி மேடையேறியது.
கண்ணாடி இறங்கியது. தலை நரைத்திருந்தான்.
"காலை வணக்கம், சிக்ரிட்."
எண்ணை எழுதிக்கொண்டேன்.
கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்பியபோது
ஒலிபெருக்கியில் என் குரல் சொல்வதைக் கேட்டேன்:
இறங்கு.

விதி அவனுக்கும் தெரியும். இறங்கினான்.
மேடைக்கு வெளியே, உறைபனியில்,
தொப்பியைக் கையில் பிடித்து நின்றான்.
சிவப்பு எண்கள் கீழே ஓடி நின்றன.
நூற்று எண்பது பவுண்டு,
எந்த வயலிலும் விளையாத கிழங்கு,
லிண்ட்கிரென் கணக்கில் ஏறியது.

ரசீதைக் கிழித்து நீட்டினேன்.
பார்த்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
பின்னால் பதினேழு லாரிகள்
விளக்கெரிய நின்றுகொண்டிருந்தன.